ஆங்கில வாக்கியத்தில் காலச் சொல் எங்கே நிற்க வேண்டும்?

‘நேற்று நான் அவரைப் பார்த்தேன்’, ‘நான் நேற்று அவரைப் பார்த்தேன்’, ‘நான் அவரை நேற்று பார்த்தேன்’, ‘அவரை நான் நேற்று பார்த்தேன்’. நான்குமே நல்ல தமிழ். எதற்கு அழுத்தம் தருகிறோம் என்பதில்தான் சிறு வேறுபாடு. இதே பழக்கத்தோடு ஆங்கிலம் பேசும்போது சறுக்குகிறது. ‘எஸ்டர்டே ஐ மெட் ஹிம்’ சரி. ‘ஐ மெட் ஹிம் எஸ்டர்டே’ சரி. ‘ஐ எஸ்டர்டே மெட் ஹிம்’ காதை உறுத்தும். ‘ஐ மெட் எஸ்டர்டே ஹிம்’ என்பதை எந்தச் சூழலிலும் ஏற்க முடியாது.

தமிழில் யார் பார்த்தார், யாரைப் பார்த்தார் என்பதை வேற்றுமை உருபு காட்டிவிடுகிறது. சொல்லை எங்கே தூக்கி வைத்தாலும் உருபு கூடவே போகும். ஆங்கிலத்துக்கும் ஒரு காலத்தில் இந்த வசதி இருந்தது. ஏறக்குறைய 1100 வரை வழங்கிய பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை விகுதிகள் உண்டு. அடுத்த சில நூற்றாண்டுகளில் அவை தேய்ந்து பெரும்பாலும் மறைந்துபோயின. உருபு பார்த்த வேலையைச் சொல்லின் இடம் எடுத்துக்கொண்டது. இன்றைய ஆங்கிலத்தில் வினைக்கு முன்னால் நிற்பது எழுவாய், வினையை ஒட்டிப் பின்னால் நிற்பது செயப்படுபொருள். ‘ஹிம்’, ‘தெம்’ போன்ற மூவிடப்பெயர்களில் பழைய வேற்றுமை வடிவம் மிஞ்சியிருந்தாலும் அவையும் இதே ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவைதான். ஆகவே வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே காலச் சொல்லை நுழைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை. ‘ஷி ஃபினிஷ்ட் லாஸ்ட் நைட் த ரிப்போர்ட்’ என்று எழுதாதீர்கள். ‘ஷி ஃபினிஷ்ட் த ரிப்போர்ட் லாஸ்ட் நைட்’ என்று எழுதுங்கள். செயப்படுபொருள் பல வரிகளுக்கு நீளும்போது எழுத்தில் இதற்கு விலக்கு உண்டு. கற்கும் காலத்தில் அந்த விலக்கை நாட வேண்டிய தேவையே வராது.

அப்படியானால் காலத்துக்கு மீதி இருப்பவை மூன்று இடங்கள்: வாக்கியத்தின் முன், கடைசி, எழுவாய்க்கும் முதன்மை வினைக்கும் இடைப்பட்ட நடு. எந்தச் சொல் எங்கே என்று தீர்மானிக்க ஒரு கேள்வி போதும். இந்தக் காலத்தைக் காலண்டரிலோ கடிகாரத்திலோ விரல் வைத்துக் காட்ட முடியுமா? ‘எஸ்டர்டே’, ‘ஆன் மண்டே’, ‘அட் ஃபைவ் ஓ’கிளாக்’, ‘இன் 2019’, ‘லாஸ்ட் வீக்’ எல்லாம் காட்டக்கூடியவை. இவை முன்னால் அல்லது கடைசியில் வரும், நடுவில் வராது. ‘ஆல்வேஸ்’, ‘ஆஃபன்’, ‘நெவர்’, ‘ஸ்டில்’, ‘ஆல்ரெடி’ போன்றவற்றுக்கு விரல் வைக்க இடமில்லை. இவற்றின் இயல்பான இடம் நடு. ‘நவ்’, ‘தென்’, ‘சூன்’, ‘ரீசன்ட்லி’ ஆகியவை மூன்று இடத்திலும் பொருந்தும். அவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

முன்னாலா, கடைசியிலா?

இரண்டும் சரி என்றால் எதை வேண்டுமானாலும் போடலாம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. கடைசி இடம் புதிய செய்திக்கானது. முன் இடம், ‘இனி சொல்லப்போவது இந்தக் காலத்தைப் பற்றியது’ என்று அறிவிக்கும் இடம்.

‘வென் டிட் யூ ஜாயின்?’ என்று ஒருவர் கேட்டால் ‘ஐ ஜாயின்ட் இன் மார்ச்’ என்பதே பதில். ‘இன் மார்ச் ஐ ஜாயின்ட்’ என்று சொன்னால் இலக்கணத்தில் குற்றம் காண முடியாது, ஆனால் கேட்டவருக்கு ஏதோ இடறும். அவர் கேட்டதே மாதத்தைத்தான். அது கடைசியில், குரலின் அழுத்தம் விழும் இடத்தில் வர வேண்டும்.

முன் இடத்தின் பயன் ஒற்றை வாக்கியத்தில் தெரியாது, பத்தியில்தான் தெரியும். ஓர் அறிக்கையின் மூன்று வரிகளைப் பாருங்கள். ‘த மெஷீன் ஸ்டாப்ட் ட்வைஸ் லாஸ்ட் வீக். ஆன் மண்டே, த பெல்ட் ப்ரோக். ஆன் தர்ஸ்டே, த மோட்டார் ஓவர்ஹீட்டட்.’ முதல் வரியில் ‘லாஸ்ட் வீக்’ கடைசியில் இருக்கிறது, ஏனென்றால் எப்போது நின்றது என்பதும் அங்கே ஒரு செய்தி. அடுத்த இரண்டு வரிகளில் கிழமைகள் முன்னுக்கு வந்து இரண்டு நிறுத்தங்களையும் பிரித்து வைக்கின்றன. அந்தக் கிழமைகளைக் கடைசிக்குத் தள்ளினால், ‘த பெல்ட் ப்ரோக்’ என்று படிக்கும்போது இது எந்த நிறுத்தம் என்று தெரியாமல் வாசகர் வரி முடியும் வரை காத்திருக்க நேரும்.

இங்கே தமிழ்ப் பழக்கம் ஒரு தொல்லை தருகிறது. தமிழில் காலம் பெரும்பாலும் முதலிலேயே வந்துவிடும். அந்த ஓட்டத்தில் எழுதினால் ஆங்கிலப் பத்தியின் ஒவ்வொரு வரியும் ‘எஸ்டர்டே’, ‘டுடே’, ‘டுமாரோ’ என்றே தொடங்கும். ஒவ்வொரு வரியும் சரி, மொத்தப் பத்தி நாட்குறிப்புபோல் ஆகிவிடும். காலத்தை ஒப்பிடவோ பிரித்துக் காட்டவோ தேவை இல்லாத இடத்தில் கடைசியில் வைப்பதே பாதுகாப்பு.

கேள்வியில் இது இன்னும் கண்டிப்பு. ‘நேற்று எங்கே போனீர்கள்?’ என்பதை ‘எஸ்டர்டே வேர் டிட் யூ கோ?’ என்று சொல்வது நம்மிடையே பரவலாக உள்ளது. ஆங்கிலத்தில் வினாச்சொல் முதலிடத்தைப் பிடித்துக்கொள்ளும், காலம் கடைசிக்குப் போகும்: ‘வேர் டிட் யூ கோ எஸ்டர்டே?’

முன்னால் வரும் காலத் தொடருக்குப் பின் காற்புள்ளி வேண்டுமா? ‘டுடே’, ‘எஸ்டர்டே’ போன்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின் விட்டுவிடலாம். நான்கைந்து சொற்களுக்கு மேல் நீண்டால் போடுங்கள். கடைசியில் வரும் காலத்துக்கு முன்னால் காற்புள்ளி கிடையாது.

கடைசியில் கூட்டம் கூடும்போது

கடைசி இடத்தில் இடமும் காலமும் சேர்ந்து வந்தால் இடம் முதலில், காலம் பிறகு. ‘ஹி கேம் டு த ஆஃபீஸ் அட் டென்.’ தமிழில் ‘பத்து மணிக்கு அலுவலகத்துக்கு வந்தார்’ என்று நேர்மாறாகச் சொல்வோம், அதனால் ‘ஹி கேம் அட் டென் டு த ஆஃபீஸ்’ என்று வாயில் வந்துவிடும். ‘கோ’, ‘கம்’, ‘அரைவ்’, ‘ரிட்டர்ன்’ ஆகிய வினைகளில் போகும் இடமோ வரும் இடமோ வினையின் பொருளை நிறைவு செய்கிறது. கிட்டத்தட்ட செயப்படுபொருள் மாதிரி அது வினையோடு ஒட்டிக்கொள்ளும், நடுவில் காலத்தை விடாது. விதம், இடம், காலம் என்று ஒரு வரிசையைப் பள்ளியில் மனப்பாடம் செய்யவைப்பார்கள். அதில் காலம் கடைசி என்பதை நம்பலாம். விதம் முதலில் என்பதை அந்த அளவுக்கு நம்ப வேண்டாம்; ‘ஷி வென்ட் ஹோம் குயிக்லி’ என்பதில் இடம்தான் முதலில் வருகிறது.

இரண்டு மூன்று காலத் தொடர்கள் சேர்ந்தால் சிறியதிலிருந்து பெரியதற்குப் போக வேண்டும். தமிழ் இதற்கு எதிர்த்திசை: ‘2018 மார்ச் 5ஆம் தேதி காலை 6 மணிக்கு’. ஆங்கிலம்: ‘அட் சிக்ஸ் இன் த மார்னிங் ஆன் 5 மார்ச் 2018’. மணி, பொழுது, நாள், மாதம், ஆண்டு என்று உள்ளிருந்து வெளியே விரியும். தேதியை மாதம் முன்னால் வைத்து எழுதும் அமெரிக்க வழக்கில் நாளும் மாதமும் மட்டும் இடம் மாறும், மணி முதலிலேயே நிற்கும்.

கால அளவு, எத்தனை முறை, எப்போது ஆகிய மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்தால் அந்த வரிசையிலேயே அடுக்குங்கள். ‘ஷி ப்ராக்டிஸ்ட் ஃபார் டூ ஹவர்ஸ் எவ்ரி மார்னிங் லாஸ்ட் இயர்.’ இரண்டு மணி நேரம் என்பது பயிற்சி என்ற செயலையே அளக்கிறது, அதனால் வினைக்கு மிக அருகில் நிற்கிறது. தினமும் காலையில் என்பது அந்த இரண்டு மணி நேரப் பயிற்சி எத்தனை முறை நடந்தது என்று சொல்கிறது. போன ஆண்டு என்பது மொத்தத்தையும் சூழ்ந்து நிற்கிறது. இந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டால் வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மூன்றும் கடைசியில் நெரிசலாகத் தோன்றினால் பெரியதை முன்னால் கொண்டுபோங்கள்: ‘லாஸ்ட் இயர், ஷி ப்ராக்டிஸ்ட் ஃபார் டூ ஹவர்ஸ் எவ்ரி மார்னிங்.’ நீண்ட வாக்கியங்களில் இதுவே மேலான ஏற்பாடு.

நடு என்றால் எந்த இடம்?

‘ஆல்வேஸ்’, ‘யூஷுவலி’, ‘ஆஃபன்’, ‘சம்டைம்ஸ்’, ‘ரேர்லி’, ‘நெவர்’ ஆகியவை முதன்மை வினைக்கு முன்னால், ‘பி’ வினைக்கு (‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’, ‘வாஸ்’, ‘வேர்’) பின்னால், துணைவினைகள் பல இருந்தால் முதல் துணைவினைக்குப் பின்னால் என்று மூன்று விதிகள் சொல்லித்தருவார்கள். மூன்றையும் ஒன்றாக்க முடியும். அந்த வாக்கியத்தை எதிர்மறையாக்கினால் ‘நாட்’ எங்கே நிற்குமோ அங்கேதான் இந்தச் சொற்களும் நிற்கும். ‘ஷி இஸ் நாட் லேட்’, அதனால் ‘ஷி இஸ் ஆல்வேஸ் லேட்’. ‘ஐ ஹேவ் நாட் சீன் இட்’, அதனால் ‘ஐ ஹேவ் நெவர் சீன் இட்’. ‘தே வில் நாட் ஹேவ் பீன் டோல்ட்’, அதனால் ‘தே வில் ஆல்ரெடி ஹேவ் பீன் டோல்ட்’. ‘ஹி டஸ் நாட் கம்’ என்பதில் ‘டஸ்’ஸை எடுத்துவிட்டால் ‘ஹி ஆல்வேஸ் கம்ஸ்’. குழப்பம் தரும் ‘ஹேவ் டு’வும் இந்தச் சோதனைக்குள் அடங்கிவிடும். ‘ஐ டோன்ட் ஹேவ் டு வெயிட்’ என்பதால் ‘ஐ ஆல்வேஸ் ஹேவ் டு வெயிட்’. ‘ஐ ஹேவ் ஆல்வேஸ் டு வெயிட்’ இன்றைய பேச்சு வழக்கில் இல்லை.

சோதனை பொய்க்கும் இடம் ஒன்று உண்டு. குறும்பதிலில் இந்தச் சொல் ‘பி’ வினைக்கும் துணைவினைக்கும் முன்னால் போய்விடும். ‘இஸ் ஷி லேட்?’ என்ற கேள்விக்கு ‘யெஸ், ஷி ஆல்வேஸ் இஸ்’ என்பதுதான் பதில். வாக்கியம் ‘ஆல்வேஸ்’ என்று முடிந்து தொங்கக் கூடாது.

எண்ணிச் சொல்லக்கூடிய முறைகள் நடுவுக்கு வராது. ‘எவ்ரி டே’, ‘ட்வைஸ் எ வீக்’, ‘டெய்லி’ எல்லாம் காலண்டரில் விரல் வைக்கத் தக்கவை, ஆகவே ஓரத்துக்குத்தான் போகும். ‘ஐ டெய்லி கோ தேர்’ என்பது தமிழர் ஆங்கிலத்தில் மிக அதிகமாகக் கேட்கும் வாக்கியங்களில் ஒன்று. ‘ஐ கோ தேர் எவ்ரி டே’ என்று மாற்றினால் உடனே இயல்பாகிவிடும்.

‘சம்டைம்ஸ்’, ‘யூஷுவலி’ இரண்டும் வாக்கியத்தின் முன்னாலும் தாராளமாக வரும். ‘ஆல்வேஸ்’, ‘நெவர்’ இரண்டும் சாதாரண வாக்கியத்தில் முன்னால் வராது, ஏவலில் மட்டும் வரும்: ‘ஆல்வேஸ் செக் த டேட்’. ‘நெவர்’, ‘ரேர்லி’, ‘செல்டம்’ போன்ற எதிர்மறைச் சாயல் கொண்டவற்றை அழுத்தத்துக்காக முன்னால் வைத்தால் துணைவினை எழுவாய்க்கு முன் தாவ வேண்டும்: ‘நெவர் ஹேவ் ஐ சீன் சச் எ திங்’. வினை இரண்டாம் இடத்தில் நிற்கும் பழைய ஆங்கில ஒழுங்கின் மிச்சம் இது. ஜெர்மன் மொழியில் அந்த ஒழுங்கு இன்றும் முழுதாக இருக்கிறது. ‘நாட் அன்டில் 2020 டிட் தே ரீஓபன்’ என்பதும் இதே வகை. எழுத்தில் எப்போதாவது ஒருமுறை போதும்.

எதிர்மறையோடு சேரும்போது இடம் பொருளையே மாற்றிவிடும் என்பதால் இங்கே நிதானம் வேண்டும். ‘அவர் எப்போதும் பதில் போடமாட்டார்’ என்பதை ‘ஹி டஸ்ன்ட் ஆல்வேஸ் ரிப்ளை’ என்று சொல்லிவிட்டால், சில நேரம் பதில் போடுவார் என்றாகிவிடும். சொல்ல வந்தது ‘ஹி நெவர் ரிப்ளைஸ்’. ‘சம்டைம்ஸ்’ எதிர்மறைத் துணைவினைக்கு முன்னால் நிற்கும்: ‘ஹி சம்டைம்ஸ் டஸ்ன்ட் ரிப்ளை’.

‘ஸ்டில்’லும் அப்படித்தான். உடன்பாட்டு வாக்கியத்தில் ‘நாட்’ சோதனைக்குக் கட்டுப்படும்: ‘ஹி இஸ் ஸ்டில் ஹியர்’. எதிர்மறையில் துணைவினைக்கு முன்னால் ஏறிக்கொள்ளும்: ‘ஹி ஸ்டில் ஹேஸன்ட் பெய்ட்’. ‘ஹி ஹேஸன்ட் ஸ்டில் பெய்ட்’ தவறு. ‘யெட்’டை வைத்து அதையே சொல்வதானால் அது கடைசிக்குப் போகும்: ‘ஹி ஹேஸன்ட் பெய்ட் யெட்’. இரண்டுக்கும் தொனியில் வேறுபாடு உண்டு. முதலாவதில் பொறுமை இழந்த குரல் கேட்கிறது, இரண்டாவது வெறும் தகவல். கடன் நினைவூட்டும் மின்னஞ்சலில் எதை எழுதுகிறோம் என்று ஒரு கணம் யோசிப்பது நல்லது. ‘ஆல்ரெடி’ நடுவில் நின்றால் சாதாரணம், கடைசிக்குப் போனால் வியப்பு: ‘ஹேவ் யூ ஃபினிஷ்ட் ஆல்ரெடி?’

‘ஒன்ஸ்’ இடம் மாறினால் பொருள் வேறாகலாம். ‘ஐ ஒன்ஸ் மெட் ஹெர்’ என்றால் முன்பு எப்போதோ சந்தித்தேன். ‘ஐ மெட் ஹெர் ஒன்ஸ்’ என்றால் பெரும்பாலும் ஒரே ஒரு முறை சந்தித்தேன் என்று அழுத்தம் விழும்.

இடத்தோடு சேர்ந்து வரும் சில பிழைகள்

‘இரண்டு நாளைக்கு முன்’ என்ற நினைப்பில் ‘பிஃபோர் டூ டேஸ்’ என்று எழுதுவது பிழை. இப்போதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ‘டூ டேஸ் அகோ’. ‘அகோ’ எப்போதும் அளவுக்குப் பின்னால்தான் நிற்கும். கடந்த காலத்தின் வேறொரு புள்ளியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ‘டூ டேஸ் பிஃபோர்’ அல்லது ‘டூ டேஸ் எர்லியர்’.

‘லாஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’, ‘திஸ்’, ‘எவ்ரி’ ஆகியவற்றில் தொடங்கும் காலத் தொடருக்கு முன் ‘ஆன்’, ‘இன்’, ‘அட்’ எதுவும் வராது. ‘ஆன் நெக்ஸ்ட் மண்டே’ வேண்டாம், ‘நெக்ஸ்ட் மண்டே’ போதும். ‘டுடே மார்னிங்’, ‘எஸ்டர்டே நைட்’ இரண்டையும் நம் பேச்சில் அன்றாடம் கேட்கிறோம். வெளியாருக்கு எழுதும்போது ‘திஸ் மார்னிங்’, ‘லாஸ்ட் நைட்’ என்பவையே இயல்பானவை.

காலத்தைத் துணைவாக்கியமாகச் சொன்னாலும் முன், கடைசி என்ற அதே இரண்டு இடங்கள்தான். முன்னால் வந்தால் காற்புள்ளி கட்டாயம்: ‘வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்’. பின்னால் வந்தால் தேவையில்லை. எங்கே வந்தாலும் எதிர்காலம் குறிக்கும் ‘வில்’ அந்தத் துணைவாக்கியத்துக்குள் நுழையக் கூடாது.

இரண்டு வினைக்கு நடுவே சிக்கிய காலம்

வாக்கியத்தில் வினை ஒன்றுதான் என்றால் காலம் எங்கே நின்றாலும் பெரும்பாலும் பொருள் பிசகாது. வினை இரண்டானால் கடைசியில் நிற்கும் காலம் எந்த வினைக்கு உரியது என்பது தெரியாமல் போகும். ‘ஹி ப்ராமிஸ்ட் டு பே மீ ஆன் ஃப்ரைடே.’ வாக்குக் கொடுத்தது வெள்ளிக்கிழமையா, பணம் தருவது வெள்ளிக்கிழமையா? பெரும்பாலோர் இரண்டாவதாகத்தான் படிப்பார்கள், ஏனென்றால் காலம் அருகிலுள்ள வினையோடு ஒட்டிக்கொள்ளும். வாக்குக் கொடுத்த நாள் அது என்றால் முன்னால் கொண்டுவர வேண்டும்: ‘ஆன் ஃப்ரைடே, ஹி ப்ராமிஸ்ட் டு பே மீ’.

ஆங்கிலச் செய்தித்தாள்களில் ‘த மினிஸ்டர் ஆன் ஃப்ரைடே அனவுன்ஸ்ட் தட்…’ என்று கிழமையை நடுவில் வைப்பதைப் பார்த்து, அதுவே உயர்ந்த நடை என்று நினைப்பவர்கள் உண்டு. அறிவிப்பின் உள்ளடக்கம் நீளமாக இருக்கும். அதன் கடைசியில் கிழமையைப் போட்டால் அறிவித்த நாள், அறிவிக்கப்பட்ட செயல் நடக்கும் நாளாகிவிடும். அந்த ஆபத்தைத் தவிர்க்க உதவும் ஏற்பாடு அது. செய்தி நடைக்கு வெளியே, கடிதத்திலும் பேச்சிலும் அது ஒட்டாது.

காலத்தை இரண்டு வினைக்கும் சரியாக நடுவில் வைப்பதும் தீர்வாகாது. ‘ஷி செட் ஆன் மண்டே ஷி வுட் கால்’ என்பதில் ‘ஆன் மண்டே’ இரு பக்கமும் திரும்பிப் பார்க்கிறது. இங்கே ‘தட்’ உதவிக்கு வரும். ‘ஷி செட் ஆன் மண்டே தட் ஷி வுட் கால்’ என்றால் சொன்னது திங்கள். ‘ஷி செட் தட் ஷி வுட் கால் ஆன் மண்டே’ என்றால் அழைக்கப்போவது திங்கள். பேச்சில் ‘தட்’டை விழுங்கிவிடலாம். எழுத்தில், அதுவும் நாளும் தேதியும் வரும் வாக்கியத்தில், விடக் கூடாது.

பெயர்ச்சொல்லோடும் காலம் ஒட்டிக்கொள்ளும் என்பதால் வினை ஒன்றாக இருந்தாலும் சில நேரம் சிக்கல் வரும். ‘ஐ ரெட் த ரிப்போர்ட் ஆன் த ஆக்சிடென்ட் லாஸ்ட் வீக்.’ படித்தது போன வாரமா, விபத்து போன வாரமா? படித்தது என்றால் ‘லாஸ்ட் வீக், ஐ ரெட் த ரிப்போர்ட் ஆன் த ஆக்சிடென்ட்’. விபத்து என்றால் ‘ஐ ரெட் த ரிப்போர்ட் ஆன் லாஸ்ட் வீக்ஸ் ஆக்சிடென்ட்’.